பின்னூட்டத்தில் படர்ந்த கொடிவழி

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கேட்ட முதல் கேள்வியே தவறு. "நீ அவனுக்கு என்ன படம் அனுப்பினாய்?" என்று கேட்டேன். எதிரில் இருந்தவள் 13 வயதுப் பெண். உயர்நிலை 1 முடித்து ஆண்டிறுதி விடுமுறையில் இருந்தாள். குனிந்த தலை அடுத்த 20 நிமிடம் நிமிரவில்லை. அவள் யாருக்கும் எதையும் அனுப்பியிருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களுக்கு உதவும் தொண்டூழிய ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்தும் அந்தக் கேள்வி எப்படி என் நாக்கில் முந்திக்கொண்டு வந்தது என்பதையும், இணைய மிரட்டல் ஒன்றைப் பற்றிய இந்த ஆய்வில் சேர்த்தே எழுத வேண்டும்.

குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். பேட்டை, பள்ளி, சம்பவம் நடந்த செயலி எதற்கும் பெயர் சொல்லப்போவதில்லை.

வீடு

நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. தந்தைக்கு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. தாய் அலுவலகம் போகிறவர். பெண்ணுக்கு ஒரு தம்பி. பாட்டி, அதாவது தந்தையின் தாய், பெண்ணின் அறையிலேயே படுக்கிறார். பெற்றோரும் பிள்ளைகளும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். பாட்டிக்குத் தமிழ் மட்டும். ஆகவே அந்தப் பெண்ணின் தமிழ் பாட்டியைச் சுற்றியே வளர்ந்தது. சாப்பிட்டேன், குளிக்கப் போகிறேன், தொடர் தொடங்கிவிட்டது, ஃபேனைக் குறைக்கட்டுமா: இவ்வளவுதான் அதன் எல்லை. தன்னை முகம் தெரியாத ஒருவன் மிரட்டுகிறான் என்று சொல்ல அந்தத் தமிழில் சொற்கள் இல்லை. ஆங்கிலத்தில் இருந்தன, ஆனால் ஆங்கிலத்தில் கேட்கவேண்டியவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அல்லது வேலைக்குப் போயிருந்தார்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தந்தையின் அக்கா இரண்டு எம்.ஆர்.டி. ரயில் நிலையம் தள்ளி வசிக்கிறார். காதுகுத்து, கல்யாணம், எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எதுவானாலும் அவரைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் நடக்காது. அன்பானவர், கண்டிப்பானவர். அந்தப் பெண் உலகத்தில் யாருக்காவது அஞ்சினாள் என்றால் அது இந்த அத்தைக்குத்தான்.

சமூக மன்றத்தில் 7 வயதிலிருந்து பரதநாட்டியம் கற்கிறாள். நன்றாக ஆடுவாள் என்று பாட்டி சொன்னார். பாட்டிகள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு காணொளி பார்த்தேன். உண்மைதான்.

25 வயதுக்காரி

பெண் தன் கணக்கைத் தொடக்கநிலை 5இல், 11 வயதில் தொடங்கினாள். தோழிகள் எல்லாரும் வைத்திருந்தார்கள். பெரும்பாலான சமூக ஊடகங்கள் 13 வயது நிறையாதவர்களைச் சேர்ப்பதில்லை. இந்த 13, பிள்ளைகளின் மனப்பக்குவத்தை அளந்து வைத்த எண் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். அமெரிக்கா 1998இல் ஒரு சட்டம் இயற்றியது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோரின் அனுமதி இல்லாமல் திரட்டக்கூடாது என்றது. வீடு வீடாக அனுமதி வாங்குவதைவிட, "13க்குக் கீழ் வராதே" என்று கதவைச் சாத்திவிடுவது நிறுவனங்களுக்கு எளிதாக இருந்தது. அந்தக் கதவுக்குப் போட்ட பூட்டோ, பிறந்த ஆண்டைக் கேட்கும் ஓர் உருளை. அவள் விரலால் உருட்டினாள். அது 2000இல் போய் நின்றது.

பொய் என்று அவள் அதை நினைக்கவே இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். இன்ஸ்டகிராம் 2024 செப்டம்பரில் அறிவித்துப் பின்னர் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்த பதின்ம வயதினர் கணக்கை எடுத்துக்கொள்வோம். அதில் கணக்கு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். தொடர்பில் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் அடங்கிவிடும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் தேவை. வேறு செயலிகளும் இதுபோன்ற ஏற்பாடுகளை வைத்திருக்கின்றன. இந்தக் குடை எல்லாம், பிள்ளை என்று ஏட்டில் பதிந்தவர்களுக்கு மட்டுமே விரியும். நம் பெண் ஏட்டின்படி 25 வயதுக்காரி. மழையில் நின்றாள்.

பெற்றோர் பயிலரங்குகளில் வடிகட்டிச் செயலிகள் பற்றியும் கடவுச்சொல் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். பிள்ளையின் கணக்கில் எந்தப் பிறந்த ஆண்டு இருக்கிறது என்று பார்க்கச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

அவன் படித்தது என்ன

தாயின் கணக்கு எல்லாருக்கும் திறந்திருந்தது. ஜனவரியில், உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் நாள் படம். சட்டையில் பள்ளிச் சின்னம் தெளிவாகத் தெரிந்தது. ஏப்ரலில் கேக்கின் மேல் 13 மெழுகுவத்திகள். இன்னொரு படத்தில் பின்னணியில் புளோக் எண். தீபாவளிக்கு நாட்டிய உடையில், முழு அலங்காரத்தில். எந்தத் தாயும் போடக்கூடிய படங்கள். பெருமையைத் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை.

நான் படங்களைவிடப் பின்னூட்டங்களைத்தான் நெடுநேரம் பார்த்தேன். "அத்தையின் செல்லம், கண் பட்டுவிடும்." "சித்தப்பா வாங்கிய சலங்கைதானே?" "பெரியம்மா போல மூக்கு." "மாமா அனுப்பிய வளையல் கையில் காணோமே!" ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி, எட்டி நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. நம் மொழி அப்படி விடுவதில்லை. அத்தை என்றதும் பெரும்பாலும் தந்தைவழி என்று தெரிந்துவிடுகிறது. பெரியம்மா என்றதும் மூப்பு தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் எழுதியவரின் முழுப்பெயர், படம், அவர் கணக்குக்குப் போகும் வழி. 11 மாதப் பின்னூட்டங்களை வரிசையாகப் படித்து நானே ஒரு தாளில் அந்தக் குடும்பத்தின் கொடிவழியை வரைந்து பார்த்தேன். அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. யார் எல்லாப் படத்துக்கும் முதலில் கருத்து எழுதுகிறார், யாருக்கு மற்ற எல்லாரும் பணிவாகப் பதில் எழுதுகிறார்கள் என்பதும் அதிலேயே இருந்தது.

தீபாவளி முடிந்த நான்காம் நாள் பெண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. சென்னையில் நடனம் கற்கும் 16 வயதுப் பெண் என்ற அறிமுகம். பேச்சு முழுவதும் முத்திரைகள், அரைமண்டி வலி, சலங்கை மணி தெறித்துப்போனது. "அக்கா" என்று அழைக்கத் தொடங்கினாள் நம் பெண். உறவுப்பெயர் ஒன்றைக் கொடுத்துவிட்டால் பாதிச் சந்தேகம் போய்விடுகிறது நமக்கு. ஐந்து வாரம் நீடித்த பேச்சில் தப்பான சொல் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் வாரம், "இங்கே மெதுவாக இருக்கிறது, அங்கே வா" என்று செய்திகள் தாமாக மறையும் வேறு செயலிக்கு அழைத்துப்போனது ஒன்றுதான் அடையாளம். பிள்ளையிடம் எச்சரித்து வைக்க ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்: புதிதாய்ப் பழகியவர் பேச்சை இன்னோர் இடத்துக்கு நகர்த்தினால், வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ.

டிசம்பர் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த "அக்கா"விடமிருந்து ஒரு படம் வந்தது. முகம் அவளுடையது, தீபாவளிப் படத்திலிருந்து எடுத்தது. உடல் அவளுடையது அன்று. மென்பொருள் செய்த வேலை. இதற்குப் பெரிய திறமை தேவையில்லை. 2024 நவம்பரில் இங்கேயே பள்ளி மாணவர்கள் சிலர் சக மாணவியரின் படங்களை இப்படி மாற்றிய விவகாரத்தைக் காவல்துறை விசாரித்தது. படத்தோடு ஒரு வரியும் வந்தது: பணம் வராவிட்டால் இது முதலில் அத்தைக்குப் போகும். அத்தையின் பெயரும் இருந்தது. பள்ளியை அவன் இரண்டாவதாகத்தான் சொன்னான்.

பதினொரு நாள்

மறுநாள் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஐந்தாம் நாள் 100 வெள்ளி. தீபாவளிக்குப் பெரியவர்கள் உறையில் வைத்துக் கொடுத்த காசு. கடையில் பரிசு அட்டை வாங்கி, அதன் எண்ணைப் படமெடுத்து அனுப்பினாள். பணம் கொடுப்பது மிரட்டலை நிறுத்துவதில்லை. இவள் கொடுப்பாள் என்ற செய்தியைத்தான் கொண்டுபோகிறது. எட்டாம் நாள் 300 கேட்டான். கையில் இல்லை. ஒன்பதாம் நாள், "அத்தைக்கு அனுப்பிவிட்டேன்" என்று எழுதினான்.

அன்றிலிருந்து வீட்டில் எந்தத் தொலைபேசி ஒலித்தாலும் அவளே ஓடிப்போய் எடுத்தாள். பாட்டியின் பழைய கைப்பேசியையும். நாட்டிய வகுப்புக்குக் கால் வலி என்றாள். கழிவறைக்குள் கைப்பேசியோடு அரை மணி நேரம் இருந்தாள். தம்பியிடம் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள்; தாய்க்கு அது வளர்ச்சியாகத் தெரிந்தது. பத்தாம் நாள் அத்தை முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். பெண் அறைக்குள் தூங்குவதுபோல் படுத்திருந்தாள். அத்தை கதவருகே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ஒன்றும் பேசாததையே அவள் தண்டனை என்று எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் இரவு, பாட்டி கேட்டார்: "யாரைக் கண்டு உனக்குப் பயம்?"

பாட்டிக்குக் கைப்பேசியில் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் மட்டுமே தெரியும். இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்வியை அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் கேட்டார். என் கேள்வியில் குற்றம் ஏற்கெனவே அவள் பக்கம் சாய்ந்திருந்தது. பாட்டியின் கேள்வியில் குற்றவாளி வேறெங்கோ இருந்தான். அவள் தன்னிடம் இருந்த தமிழை வைத்துப் பதில் சொன்னாள்: "படத்தில் நான். ஆனால் நான் இல்லை." அந்த அரைகுறைத் தமிழைவிடத் துல்லியமாக அந்தப் படத்தை யாரும் விவரித்து நான் கேட்டதில்லை. பாட்டிக்கு முழுவதும் புரியவில்லை. "நீ இல்லையென்றால் இல்லைதான்" என்றார். பிறகு எழுந்துபோய் அவளுக்குப் பால் காய்ச்சினார்.

பெரியவர்கள் செய்தவை

ஞாயிறு காலை தந்தை இரவு வேலை முடித்து வந்தார். செய்தி கேட்டதும் முதல் சொல், "மானம் போயிற்று." இரண்டாவதாக அவளுடைய கணக்கையே நீக்கிவிட்டுக் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். தாய், தன் அண்ணனிடம் யோசனை கேட்பதற்காக, அந்தப் படத்தையே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். இருவரையும் நான் பழிக்கமாட்டேன். கலங்கிப்போனவர்கள் கைக்கு எட்டியதைச் செய்தார்கள். ஆனால் இரண்டும் தவறு, ஏன் என்று எழுதுவது என் வேலை.

கணக்கை நீக்கினால் மிரட்டியவனின் பெயர், இணைப்பு, செய்திகளின் நேரம் எல்லாம் சேர்ந்தே போகும். அதிர்ஷ்டவசமாகப் பல தளங்களில் நீக்கிய கணக்கு 30 நாள் வரை முழுதாக அழிவதில்லை. அதற்குள் மீண்டும் உள்ளே நுழைந்தால் நீக்கம் ரத்தாகிவிடும். திங்கட்கிழமை அப்படித்தான் மீட்டோம். கைப்பேசியைப் பிடுங்கியதோ, சொன்னதற்குக் கிடைத்த தண்டனையாக அவளுக்குத் தெரிந்தது. அதை அவளே என்னிடம் சொன்னாள்: "முன்பே சொல்லியிருந்தால் முன்பே பிடுங்கியிருப்பார்கள்."

படத்தை மாமாவுக்கு அனுப்பியது இன்னும் சிக்கலானது. சிறுபிள்ளையை அப்படிக் காட்டும் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றங்கள். உதவி தேடித்தான் என்றாலும், படம் இன்னொரு கைப்பேசிக்குப் போகக்கூடாது. வாயால் சொன்னால் போதும்; படம் முதலில் வந்த கைப்பேசியிலேயே இருக்கட்டும், காவல்துறை பார்த்துக்கொள்ளும். மாமா அன்றைக்கே அழித்துவிட்டார். நடந்ததை மறைக்காமல் அதையும் அதிகாரியிடம் சொல்லச் சொன்னேன்.

திங்கட்கிழமை என் முறை. என் கேள்வியையும் 20 நிமிட மௌனத்தையும் முன்பே சொன்னேன். அதை முடித்துவைத்தவரும் பாட்டிதான். "அவள் ஒன்றும் அனுப்பவில்லை. நீங்கள் கேட்பது எனக்கே பிடிக்கவில்லை" என்றார். மன்னிப்புக் கேட்டேன், அவளிடம். அதன் பிறகு அவளே எழுந்துபோய்க் கணிதப் பாடப் புத்தகத்தை எடுத்துவந்தாள். பக்கங்களுக்கு நடுவே பரிசு அட்டைகளின் இரண்டு ரசீதுகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பெரியவர்களைவிட நன்றாகச் சான்று பாதுகாத்தவள் அவள்தான்.

புகார்

மிரட்டல் செய்திகளை ஒவ்வொன்றாகத் திரைப்பிடிப்பு எடுத்தோம். கணக்கின் காட்சிப்பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் அதன் இணைப்பு முகவரியையும் நாள், நேரத்தையும் குறித்துக்கொண்டோம். அவற்றை முடித்த பிறகே அவனைத் தடுத்தோம், செயலியிலும் புகார் கொடுத்தோம். மாலையில் அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போனோம். தந்தை வாசலில் தயங்கினார். போலிப் படத்துக்கு வழக்கு உண்டா என்பது அவர் சந்தேகம். உண்டு. 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி, ஒருவரின் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது மட்டுமின்றிப் பரப்புவேன் என்று மிரட்டுவதே குற்றம். ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். அவர்போல் தோன்றும்படி மாற்றியமைத்த படமும் அதில் அடங்கும். இதைச் சொன்னதும் தந்தையின் நடை மாறியது. அதுவரை தன் மகள் மாட்டிக்கொண்ட ஒரு விவகாரமாக இருந்தது, அப்போதுதான் அவருக்கு மகளுக்கு எதிராக நடந்த குற்றமாயிற்று.

படம் வேறெங்கும் பரவாதிருக்க, அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' சேவையைப் பயன்படுத்தினோம். 18 வயதுக்குட்பட்டபோது எடுத்த அல்லது போலியாகச் செய்த படங்களுக்கு அது உதவும்; கட்டணமில்லை, பெயர் சொல்லவேண்டியதில்லை. தாய் முதலில் மறுத்தார். "இன்னோர் இடத்துக்கும் இந்தப் படத்தை அனுப்பவா?" நியாயமான கேள்வி. படம் எங்கும் போவதில்லை. கைப்பேசியிலேயே படத்திலிருந்து விரல்ரேகை போன்ற ஓர் எண்கோவை உருவாகிறது. அந்த எண் மட்டும் போகிறது. சேர்ந்திருக்கும் தளங்களில் அதே ரேகையுள்ள படம் ஏறினால் பிடித்துவிடலாம். சேராத தளங்களிலும், குறியாக்கம் செய்த தனிச் செய்திகளிலும் அது உதவாது. அரைப் பாதுகாப்புதான்.

செயலியில் கொடுத்த புகாருக்குப் பதில் வர ஆறு நாள் ஆயிற்று. பொறுமையிழந்த தாயிடம் இது வழக்கம்தான் என்றேன், அப்படிச் சொன்னதற்காக என்மீதே கோபம் வந்தது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் நடைமுறை விதிகள் 2023 ஜூலையிலிருந்து பெரிய சமூக ஊடகங்களுக்குப் பொருந்துகின்றன. பிள்ளைகளைக் காக்கும் கருவிகளும் புகாருக்கு உரிய காலத்தில் நடவடிக்கையும் அதில் கட்டாயம். ஆனால் 2025 பிப்ரவரியில் ஆணையம் வெளியிட்ட மதிப்பீட்டில், பெரும்பாலான தளங்கள் புகார்களைக் கவனிக்கச் சராசரியாக 5 நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டது தெரிந்தது. மிரட்டுகிறவன் நாள் கணக்குப் பார்ப்பதில்லை, மணிக்கணக்குப் பார்க்கிறான். 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பாதிக்கப்பட்டவர்கள் நேரே அணுகக்கூடிய இணையப் பாதுகாப்பு ஆணையம் ஒன்றுக்கு வழிசெய்கிறது. தளங்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. அந்த ஆறு நாளைச் சுருக்குமா என்பதை வைத்துத்தான் நான் அதை அளப்பேன்.

2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்கு அனுமதி இல்லை. நல்லதுதான், வரவேற்கிறேன். இந்த நிகழ்வில் அது எதையும் தடுத்திருக்காது. நடந்தது விடுமுறையில், வீட்டுக்குள், பாட்டி படுத்திருந்த அறையில். விடுமுறையில் பள்ளி ஆலோசகரையும் எளிதில் பார்க்க முடியாது. 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குவதை அவள் அறிந்திருக்கவில்லை. இப்போது அது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது, தம்பியின் உயரத்தில்.

அத்தை

சனிக்கிழமை, முதல் மிரட்டலிலிருந்து பத்தொன்பதாம் நாள், அத்தையை வரச் சொன்னோம். விசாரணைக்கு அவருக்கு வந்த செய்தியும் தேவைப்பட்டது. பெண் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை கைப்பேசியை நீட்டினார். "எனக்கு ஒன்றும் வரவில்லையே." தேடினேன். அறிமுகமில்லாதவர்களின் செய்திகள் போய் ஒதுங்கும் ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே அத்தைக்குத் தெரியாது. அதற்குள் ஒரு சேலைக்கடை விளம்பரத்துக்கும் போலி லாட்டரி அறிவிப்புக்கும் நடுவே, பிரிக்காத உறைபோல, அது கிடந்தது. பத்து நாளாக.

அந்தப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு நெடுநேரம் அழுதாள். முறுக்கு கொண்டுவந்த நாளில் ஏன் பேசாமல் போனீர்கள் என்று கேட்டாள். "தூங்குகிற பிள்ளையை எதற்கு எழுப்புவது என்று போனேன்" என்றார் அத்தை.

அவன் இன்னும் பிடிபடவில்லை. 150 வெள்ளி திரும்ப வரவில்லை. கணக்கில் பிறந்த ஆண்டைத் திருத்தியாயிற்று. கைப்பேசி அவளிடம் திரும்பி வந்துவிட்டது; இரவு 10 மணிக்கு எல்லாருடைய கைப்பேசியும் கூடத்தில், தந்தையுடையதும். அதில் தந்தைதான் அடிக்கடி விதி மீறுகிறார் என்று கேள்வி. தாய் தன் கணக்கைப் பூட்டிவிட்டு, பள்ளிச் சின்னமும் புளோக் எண்ணும் தெரியும் படங்களை நீக்கினார். பின்னூட்டங்களை நீக்க மனம் வரவில்லை என்றார். உறவினர் அல்லாத யாரும் இனிப் பார்க்க முடியாது என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

பொங்கலன்று போயிருந்தேன். பால் பொங்கியதும் அத்தை படமெடுத்தார். கைப்பேசியைப் பெண்ணிடம் காட்டி, "இதைப் போடட்டுமா?" என்று கேட்டார். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"வேண்டாம், அத்தை. முடி சரியாக இல்லை."

அத்தை இன்னொரு படம் எடுத்தார்.